அம்மா நூல் பிடித்த வானம்

சென்ற மாதம் உங்கள் கைபேசிக்கும் அந்தப் படம் வந்திருக்கும். இருண்ட கடலுக்கு மேல் கிரகங்கள் சாய்ந்த வரிசையில் நிற்கின்றன. கீழே சிவப்பு எழுத்தில் 'ஆயத்தமாகுங்கள்' என்று ஒரே ஒரு சொல். அதே வாரத்தில் நம் தீவுகளுக்குத் தெற்கே காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவானதால் படம் இன்னும் வேகமாகச் சுற்றியது. நம் பள்ளித் தோழி ஒருத்தி அதை எனக்கு அனுப்பி, "பாத்ததும் உங்க அம்மா ஞாபகம்தான் வந்துச்சு" என்று எழுதி, சிரிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டிருந்தாள். ஜங்லிகாட்டில் என்னோடு வளர்ந்த எல்லோருக்கும் அந்த ஞாபகம்தான் வந்திருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதையில் ஒரு பகுதி தவறு.

நான் தினமும் குறிப்பு எழுதுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். மழை எப்போது பிடித்தது, எந்தக் கப்பல் வந்தது என்பதுவரை எழுதி வைப்பேன். ஆனால் இது அந்தப் பழக்கம் வருவதற்கு முந்தைய பருவம். அப்போது எனக்குப் பதினோரு வயது. எழுதி வைத்தது எதுவும் இல்லை. எனவே கண்ணால் கண்டதையும் பிறகு கேட்டதையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் வானிலை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அப்பா. அவருடைய குடும்பம் வெள்ளைக்காரன் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய காலத்திலேயே இங்கே வந்தது. சாத்தம் கரைக்கும் எதிர்க்கரை பேம்பூஃபிளாட்டுக்கும் இடையே ஓடும் ஃபெர்ரியில் அவர் லஸ்கர்; ஃபெர்ரி கரையில் இடிக்கும் முன் குதித்துக் கயிறு கட்டுவதும், கிளம்பும்போது அவிழ்ப்பதும் அவர் வேலை. உடம்பிலிருந்து டீசலும் ஈரக் கயிறும் கலந்த ஒரு வாடை எப்போதும் வரும். இன்னொருவர் அம்மா. தூத்துக்குடிக் கிறிஸ்தவப் பெண். கல்யாணத்துக்காகக் கப்பலேறி வந்து, ஜங்லிகாட்டில் ஒரு தையல் மிஷினோடு உட்கார்ந்தவள். இப்படிப்பட்ட கல்யாணம் நம் ஊரில் ஒரு செய்தியே அல்ல. முருகன் காலண்டரும் மரச் சிலுவையும் ஒரே பலகைச் சுவரில் தொங்கின. இரண்டுக்கும் பின்னால் ஒரே பல்லி குடியிருந்தது.

அப்பா பார்த்தது துறைமுகத்தின் கொடிமரத்தை. புயல் எங்கே இருக்கிறது, எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதை அதில் தொங்கும் கறுப்புக் கூம்புகளும் பீப்பாய்களும் சொல்லும். நம்மில் பலருக்கு அ, ஆவுக்கு முன்னாலேயே அந்தக் கூம்புகள் பரிச்சயம். ஆனால் அப்பாவைப்போல அதைப் படிக்கிறவர் எங்கள் சந்தில் வேறு யாரும் இல்லை. அவர் வேலை முடிந்து ஏறி வரும்போது ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு குரல் வரும்.

"பாய் சாப், ஜஹாஸ் ஜாயேகா?" என்பார் டீக்கடைத் தெலுங்குக்காரர். கப்பல் போகுமா என்பது கேள்வி.

"ஜாயேகா, ஜாயேகா. மூட்டையைக் கட்டு" என்பார் அப்பா. புயல் வரும்போல இருந்தால், "இன்னிக்கு இல்ல. தூஃபான் இருக்கு. மீனை உப்புல போடு" என்பார். கேட்டவர் மறுபேச்சு பேசாமல் மூட்டையைக் கட்டுவார் அல்லது அவிழ்ப்பார். அந்த நடையில் அப்பாவின் தோள் கொஞ்சம் அகலமாகிவிடும். அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அம்மா பார்த்தது அதற்கு மேலே.

அந்த வருடம் மெயின்லாண்டிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். தகரக் கூரை போட்ட எங்கள் ஜெபக் கூடத்தில் ஒரு துணிப் படத்தை விரித்துக் கட்டினார். அதில் கொம்பு முளைத்த மிருகங்கள், கறுத்த சூரியன், இரத்தச் சிவப்பில் நிலா, பொங்கும் கடல் எல்லாம் இருந்தன. இந்தப் பருவத்தில் கிரகங்கள் மாலை வானில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசை கட்டும், அந்த வரிசை பூரணமாகும்போது கடல் முழங்கும், அதுதான் வேதம் முன்பே சொன்ன அடையாளம் என்று அவர் விளக்கினார். மழை கூரையில் விழுந்த சத்தத்தில் பாதிதான் எங்களுக்குக் கேட்டது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

"உலகம் முடியப்போகுதுன்னு சொல்லிட்டு ரிட்டர்ன் டிக்கெட் வாங்கி வச்சிருக்காரு" என்றார் அப்பா.

"அவுக ஊழியத்துக்குப் போறாக. ஒங்களுக்கு எல்லாமே கேலிதான்" என்றாள் அம்மா.

ஊழியக்காரர் அடுத்த கப்பலில் போய்விட்டார். துணிப் படத்தை அம்மாவிடம் விட்டுப் போனார். அம்மா அதன் ஓரம் பிரிந்திருந்ததை முதலில் தைத்துச் சரிசெய்தாள். பிறகுதான் அதை நம்பினாள். அவளுடைய குணம் அது.

சும்மா நம்புகிறவள் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றும் முன் முற்றத்தில் நின்று, வெள்ளைத் தையல் நூலை இரண்டு கைகளுக்கும் இடையே இழுத்துப் பிடித்து, மேற்கே மலைக்கு மேல் தெரியும் வெளிச்சங்களின் மீது வைத்துப் பார்ப்பாள். சேலைக்கு ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பாளே, அதே பார்வை. ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். முதல் வாரம் ஒரு கிரகம் நூலுக்கு வெளியே நின்றது. அப்புறம் கிட்டே வந்தது. ஒரு மாலை என்னைக் கூப்பிட்டு நூலைப் பிடிக்கச் சொன்னாள். நானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாரு ஏட்டி. ஒண்ணாவது வெலகி நிக்கா?"

நான் பார்த்தேன். எதுவும் விலகி நிற்கவில்லை. எல்லாம் நூலில் கோத்த பாசிபோல இருந்தன. அந்தக் காட்சி இன்றும் என் கண்ணில் இருக்கிறது; அது பொய் அல்ல. அம்மா நூலை மெதுவாகச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். கொசு கடித்த இடத்தைக்கூடச் சொறியாமல் வெகுநேரம் நின்றாள்.

அதற்கிடையில்தான் அக்காவின் விஷயம் நடந்துகொண்டிருந்தது. அக்கா பள்ளியிறுதி முடித்திருந்தாள். மெயின்லாண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. எங்கள் சந்திலிருந்து அப்படிப் போகிற முதல் பெண் அவள். சொன்ன நாளில் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நாளுக்கு முன்னால் இங்கிருந்து போக ஒரே ஒரு கப்பல்தான் இருந்தது. அதற்கு அடுத்த கப்பல் போனால் பிரயோஜனம் இல்லை. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் தலைமுறையில் பாதிப் பேரின் வாழ்க்கையைக் கப்பல் அட்டவணைதான் எழுதியது.

அம்மா மிஷினில் வெள்ளை ரவிக்கைகளைத் தைத்தாள். அப்பா ஒரு தகரப் பெட்டி வாங்கி, ஃபெர்ரிக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டை மிச்சம் பிடித்து அடித்து, மேலே வெள்ளையில் அக்காவின் பெயரை எழுதினார். பெயிண்ட் வாடை வீடெல்லாம் இருந்தது. அக்கா அதைக் காயும் முன்னே தொட்டுவிட்டதால் கடைசி எழுத்தில் அவள் விரல் ரேகை பதிந்துவிட்டது.

கிரக வரிசை பூரணமாகும் நாள் என்று துணிப் படத்துக்காரர் சொன்னதும், கப்பல் கிளம்பும் நாளும் ஒன்றாக இருந்தன.

அம்மா அக்காவைப் போகாதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நாம் சொல்லிவந்த கதையில் அவள் அப்படிச் சொன்னதாகத்தான் வரும். அவள் சொன்னது வேறு. ஜெபக் கூடத்தார் எல்லோரும் அன்று காலை பேம்பூஃபிளாட்டுக்குப் போய், மலைச்சரிவில் ஒரு விசுவாசியின் பாக்குத் தோப்பில் கூடி உபவாசம் இருப்பதாக முடிவு செய்திருந்தார்கள். கடல் எழும்பினால் எட்டாத உயரம். அம்மா கேட்டதெல்லாம், அந்த நேரம் இரண்டு பிள்ளைகளும் தன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான்.

"ராத்திரிதான கப்பலு? மத்தியானம் திரும்பிருவோம். அந்த நேரம் மட்டும் எம் பக்கத்துல இருக்கட்டும். அதுக்கப்புறம் ஆண்டவர் வழிவிட்டா அவ போகட்டும்."

"காலைல போறவ மத்தியானம் வந்திருவாளா? உங்க ஜெபம் எப்ப முடியும்னு எந்த ஆபீசுலயும் போர்டு போடல" என்றார் அப்பா.

கப்பல் நாளுக்கு முந்தைய நாள் காற்று மாறியது. கடலில் ஒரு பழுப்பு நிறம். மேகம் தெற்கிலிருந்து தாழ்ந்து வந்து, கிரகங்கள் நின்ற மேற்கையும் மூடிவிட்டது. "பாத்தீயளா, வெளிச்சமெல்லாம் அணைஞ்சு போச்சு" என்றாள் அம்மா. தெரிந்தபோதும் அடையாளம், தெரியாமல் போனபோதும் அடையாளம். அவள் குரலில் வெற்றி இல்லை, பயம்தான் இருந்தது. தன் உபவாசத்தை அன்றே தொடங்கிவிட்டதால் ரேடியோவின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். செய்தி, பாட்டு, கப்பல் அறிவிப்பு எதுவும் இனி இல்லை. அக்காவின் பெட்டியை அப்பா அன்று மதியமே கப்பலில் ஏற்றிவிட்டிருந்தார். கீழ்த்தட்டில் நல்ல படுக்கையாகப் பிடிக்க வேண்டுமென்றால் தெரிந்த ஆள் மூலம் சாமானை முன்னதாகவே போட்டுவைக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

அன்று மாலை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா உபவாசம் என்பதால் தள்ளி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்:

"காலைல சிக்னல் ஏறிடும். பாத்துட்டுதான் வரேன். சிக்னல் ஏறினா ஜஹாஸ் நகராது. ரெண்டு நாள் ஜெட்டியிலயே கட்டிக் கிடக்கும். நீ உங்கம்மாகூடப் போயிட்டு வா. அவ மனசு நிம்மதியா இருக்கட்டும்."

அக்கா, "நிச்சயமாப்பா?" என்றாள்.

"அரே, இருவது வருஷமா அந்தக் கொடிமரத்தைப் பாக்கறவன் சொல்றேன்."

இந்தப் பேச்சை நான் கேட்டேன். கஞ்சியில் தொட்டுக்கொள்ள வைத்த சுட்ட கருவாட்டின் மணத்தோடு சேர்ந்து அது என் ஞாபகத்தில் இருக்கிறது. இருந்தும் இத்தனை வருடம் அதை நான் கதையில் சேர்க்கவில்லை. அப்பா எப்போதும் சொல்வதைத்தான் அன்றும் சொன்னார். தினமும் கேட்கிற குரலை யார் குறித்து வைப்பார்கள்?

காலையில் ஃபெர்ரியில் போனோம். அப்பாதான் கயிறு அவிழ்த்தார். கூடத்து ஆட்கள் வெள்ளை உடுத்தி, பாய்களும் துணிப் படமும் சுமந்து நின்றார்கள். கூட வந்த பயணி ஒருவர் அப்பாவிடம், "க்யா பாய், பிக்னிக்கா?" என்று கேட்டார். அப்பா சிரித்துச் சமாளித்தார். தண்ணீர் இரும்பின் மேல் அறைந்தது. சிக்னல் அப்போது இன்னும் ஏறவில்லை.

தோப்பிலிருந்து பார்த்தால் பாக்கு மரங்களின் இடைவெளியில் துறைமுகம் முழுதும் தெரியும். சாத்தத்தில் அடுக்கிய மரக்கட்டைகள், அதற்கு அப்பால் வெள்ளைக் கப்பல், சின்னதாகக் கொடிமரம். மழை சரிந்து சரிந்து அடித்தது. பாக்கு மரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிரீச்சிட்டன. நடுவில் இரண்டு மரங்களுக்கிடையே கட்டிய துணிப் படம் பாய்மரம்போல உப்பி அடித்தது. மிருகங்கள் நிஜமாகவே மூச்சுவிடுவதுபோல இருந்தன. பெரியவர்கள் கண்ணை மூடி உரக்க ஜெபித்தார்கள். ஒவ்வொரு பெரிய காற்றுக்கும் அவர்கள் குரல் ஏறியது. நான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழும்பி வரும்போது முதலில் எந்தப் பக்கம் உயரும் என்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அம்மாவின் ஒரு கை என் தோளிலும் இன்னொரு கை அக்காவின் தோளிலும் இருந்தன. விரல்கள் சதையில் அழுந்தின.

அக்காதான் முதலில் பார்த்தாள்.

"சிக்னல் ஏறிடுச்சு" என்றாள். கொடிமரத்தில் கறுப்பாக ஏதோ தொங்கியது. அவள் உடம்பு தளர்ந்தது. இனி கப்பல் நகராது. அப்பா சொன்னது சரி. அம்மா, "ஸ்தோத்திரம்" என்றாள்.

அப்போது சங்கு ஊதியது.

கப்பலின் சங்கு அடிவயிற்றில் கேட்கிற சத்தம். யாரும் கண் திறக்கவில்லை. சிலர் அதை எக்காளம் என்றே நினைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒருவர் தரையில் விழுந்து அழத் தொடங்கினார். அக்கா மட்டும் எழுந்து தோப்பின் விளிம்புக்குப் போனாள். கப்பலின் புகைபோக்கியிலிருந்து புகை காற்றில் கிடையாகப் போனது. இழுவைப் படகு ஒன்று அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, கப்பலை எடுக்கிறாங்க" என்றாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அடுத்த கணம் ஓடினாள்.

நான் பின்னால் ஓடினேன். செம்மண் சேறு. விழுந்து எழுந்து ஓடினேன். அம்மா எங்களுக்குப் பின்னால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பாதி வழியில், கீழிருந்து அப்பா மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். காக்கிச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் நின்று, மூச்சு வாங்கியபடி கையை மட்டும் கீழே காட்டினார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஜெட்டியில் ஃபெர்ரி கட்டிக் கிடந்தது. மூன்று கயிறு போட்டிருந்தார்கள். அதை ஓட்டும் சராங், தாடி வைத்த வயதானவர், டீக்கடைச் சார்ப்பின் கீழ் நின்றிருந்தார். கடையின் ரேடியோவில் அதே அறிவிப்பு மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தது. மெயின்லாண்ட் கப்பல் நேரத்துக்கு முன்பே புறப்படுகிறது, பயணிகள் உடனே ஏற வேண்டும் என்பது அதன் சாரம். காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம்; படகிலேயே இருந்த அப்பாவின் காதில் ஃபெர்ரியைக் கட்டிய பிறகுதான் அது விழுந்திருக்கிறது. எங்கள் சந்தில் ஜீப்பில் மைக் கட்டியும் சொல்லிப் போனதாகப் பிறகு டீக்கடைத் தெலுங்குக்காரர் சொன்னார். எங்கள் வீட்டில் கேட்க யாரும் இல்லை. ரேடியோவும் துணிக்குள் இருந்தது.

"சாச்சா, ஒரே ஒரு தடவை. அந்தக் கரைக்கு மட்டும்" என்றாள் அக்கா.

"சிக்னல் சட்கயா, பேட்டி. ஆர்டர் ஹை" என்றார் சராங். அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. சிக்னல் ஏறினால் ஃபெர்ரி எந்தக் கரையில் இருக்கிறதோ அங்கேயே கட்ட வேண்டும் என்பது உத்தரவு.

"அப்போ அந்தக் கப்பல் மட்டும் எப்படிப் போகுது? அதுக்கு சிக்னல் இல்லையா?"

சராங் அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் அக்காவிடமே சொன்னார். "சின்ன போட் கட்டணும். பெரிய ஜஹாஸ் கடல்ல போகணும். ஜெட்டியில நின்னா அடிச்சு ரெண்டும் உடையும். தூஃபான் வர முன்னாடி ஓடிடணும். பெரிய ஜஹாஸ் கானூன் வேற, பேட்டி."

கப்பலுக்கு விதி வேறு. அப்பா இருபது வருடமாகப் பார்த்தது ஃபெர்ரியின் விதி.

சாலை வழியாகச் சுற்றிப்போனால் பாதி நாள் ஆகும். பக்கத்தில் ஒரு டோங்கி, துடுப்புப் போடுகிற சின்ன மரப்படகு, அலையில் துள்ளிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரன், வாலிபன், "நான் கொண்டுபோய் விடறேன்" என்று வீரமாகச் சொன்னான். அக்கா படிக்கட்டில் இறங்கிவிட்டாள். ஒரு கால் டோங்கிக்குள் இருந்தது. அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்கப்பா."

"கடலைப் பாரு."

"விடுங்க. கப்பல் போகுது."

"கவுந்துரும். நான் விட மாட்டேன்."

அந்த நேரம் கப்பல் சாத்தத்தைத் தாண்டி எங்களுக்கு எதிரே வந்தது. வெள்ளைச் சுவர்போல மெதுவாகப் போனது. தட்டில் மழைக்கோட்டும் பிளாஸ்டிக் தாளும் போர்த்திய ஆட்கள் நின்றது தெரிந்தது. யாரோ கையசைத்தார்கள், எங்களுக்காக அல்ல. அதன் வயிற்றில் எங்கேயோ அக்காவின் பச்சைப் பெட்டி இருந்தது. அலை வந்து படிக்கட்டை மூடி அக்காவின் முழங்கால்வரை ஏறி இறங்கியது. டோங்கி ஜெட்டியின் மரத்தில் மோதி, ஓரப் பலகை ஒன்று பிளந்தது. அந்த வாலிபன் படகை இழுத்துக் கட்டத் தொடங்கினான்.

அக்கா அப்பாவை நோக்கித் திரும்பினாள். சார்ப்பின் கீழ் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள், தினமும் அவரிடம் கப்பல் கேட்கிறவர்கள், எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"நீங்கதானப்பா நேத்து..."

"நாந்தாம் கூட்டிட்டுப் போனேன்!"

அம்மா வந்துவிட்டிருந்தாள். செருப்பு இல்லை. சேலை முழங்கால்வரை சேறு. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றாள்.

"எம் பைத்தியம்தான் இது. எங் கிரகம், எங் கோட்டி. அவளுக்குக் கப்பல் போச்சுன்னா அது என்னாலதான். அவுகளை யாரும் ஒண்ணும் கேக்காதீக."

அக்கா வாயைத் திறந்து, மூடினாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போவதுபோல் அவர் தொண்டை அசைந்தது. பிறகு அக்காவின் கையை விட்டுவிட்டு, கட்டியிருந்த கயிற்றை இன்னொரு முறை இழுத்துக் கட்டப் போனார். அது முன்பே இறுக்கமாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் யாரோ, "அரே, கிரஹ்வாலி அம்மா!" என்றான். சிலர் சிரித்தார்கள். 'கிரகக்கார அம்மா' என்ற அந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். இப்படித்தான்.

புயல் நம்மைத் தொட்டும் தொடாமலும் போய்விட்டது. சில தகரங்கள் பறந்தன, வாழைகள் சாய்ந்தன. கடல் எழும்பவில்லை. மறுநாள் காலை வெயில் அடித்தது. ஜெபக் கூடத்தார் பாய்களைக் காயப்போட்டார்கள். கப்பல் புயலுக்கு முன்னால் ஓடி, பத்திரமாகக் கரை சேர்ந்தது. பயிற்சி இடம் வேறொருத்திக்குப் போனது.

பச்சைப் பெட்டி தனியாக மெயின்லாண்ட் போய், அடுத்த பயணத்தில் தனியாகவே திரும்பி வந்தது. ஊறுகாய்ப் பாட்டில் உடைந்து எண்ணெய் ஊறியிருந்தது. அக்கா அதைத் திறக்கவே இல்லை. அம்மாதான் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டு அலசினாள். சில வருடங்களுக்குப் பிறகு அந்த வெள்ளை ரவிக்கைகள் எனக்கு வந்தன. எனக்கு அவை இறுக்கமாக இருந்தன. அம்மா என்னை மிஷினருகே நிற்கவைத்துப் பக்கத் தையலைப் பிரித்தாள். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருந்தாள். வெளியே தெரியாதபடி, பிறகு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ள வசதியாக. எல்லா ரவிக்கையிலும் அப்படித்தான். அன்று எனக்குச் சட்டை சரியானதில் சந்தோஷம், அவ்வளவுதான். இப்போது அந்த இரண்டு விரல் துணியை அடிக்கடி நினைக்கிறேன். கடைசி நாள் வந்துவிட்டது என்று நூல் பிடித்துப் பார்த்த அதே பருவத்தில், அதே கையால், மெயின்லாண்டில் தன் மகள் வருடக்கணக்கில் இருந்து சதை பிடிப்பாள் என்று கணக்குப் போட்டுத் தைத்திருக்கிறாள்.

அக்கா சிப்பிகாட்டில் விவசாயக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டாள். கடல் உண்மையிலேயே எழுந்து உள்ளே வந்த அந்தச் சுனாமிக் காலை, அவர்கள் வயல் உப்புத் தண்ணீரில் மூழ்கி, இன்றுவரை மீளவில்லை. அன்று வானம் கழுவித் துடைத்த தட்டுபோல இருந்தது. கொடிமரத்தில் எதுவும் தொங்கவில்லை. செய்தி வந்ததும் அம்மா வேதத்தைத் திறக்கவில்லை. தலையில் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சிப்பிகாட்டுப் பக்கம் நடந்தாள். வழியில் ஒருத்தி, "உங்க கிரகம் இதச் சொல்லலையா?" என்று கேட்டாளாம். அம்மா மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டு நடந்தாள் என்று அந்தப் பெண்ணே பிறகு என்னிடம் சொன்னாள்.

அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அடக்கம் முடிந்து வந்த அன்றும் கிரகக் கதையைச் சொல்லிச் சிரித்தோம், அன்பாகத்தான் சிரித்தோம். அப்பா எழுந்து வெளியே போனார். வயதானவர், தாங்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

அப்பாவிடம் ஒரு மாற்றம் இருந்தது. அதை நான் கவனித்திருக்கிறேன், புரிந்துகொண்டதில்லை. அந்தப் புயலுக்குப் பிறகு யார் கப்பல் கேட்டாலும் அவர் சொல்வதில்லை. "ரேடியோவக் கேளு" என்பார். அவ்வளவுதான். டீக்கடைக்காரர் கொஞ்ச நாள் மனத்தாங்கலாக இருந்தார். பதவி உயர்வு வந்து தலைக்கனம் ஏறிவிட்டது என்றுகூடப் பேசினார்கள். அப்பாவின் தோள் பிறகு ஒருநாளும் அகலமாகவில்லை.

இனி சென்ற மாதம். படம் வந்த அதே வாரம் அக்கா வந்திருந்தாள். முற்றத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில் இருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்றாலும் மேற்கே பார்த்துத்தான் உட்காருவார். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரப் பையன், தங்கையை மெயின்லாண்டுக்கு அனுப்ப வேண்டியவன், வேலிக்கு அப்பாலிருந்து, தாத்தா என்பதை இந்தியில் சொல்லி, அப்பாவைப் பார்த்துக் கத்தினான்.

"தாதா! தூஃபான் வருதாமே. நாளைக்கு ஜஹாஸ் ஜாயேகா க்யா?"

"ரேடியோவக் கேளு" என்றார் அப்பா.

"ரேடியோ எங்க இருக்கு தாதா இப்ப? நீங்க இவ்ளோ வருஷம் ஃபெர்ரியில இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. போகுமா, போகாதா?"

அப்பாவின் கை நாற்காலிப் பிடியில் இறுகியது. தொண்டை அசைந்தது. அந்த அசைவை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அவுகளை ஒண்ணும் கேக்காத பேட்டா. எங்க வீட்டுல அதெல்லாம் அம்மாதான் பாப்பாங்க."

'அவுகளை' என்று அக்கா ஒருநாளும் சொல்வதில்லை. அது அம்மாவின் சொல், அப்பாவின் தவறான வாக்கைத் தன் பைத்தியமாக ஏற்றுக்கொண்டு அவள் ஜெட்டியில் சொன்ன சொல். அப்பா முகத்தைத் திருப்பி அக்கா இருக்கும் திசையைப் பார்த்தார். அக்கா இறாலின் முதுகிலிருந்து கறுப்பு நரம்பை இழுத்தெடுத்தாள். நடுவில் அறாமல் வந்தது. வழக்கமாக அதை மண்ணில் எறிவாள். அன்று ஏனோ இரண்டு விரல்களால் நேராகப் பிடித்து ஒரு கணம் பார்த்துவிட்டு எறிந்தாள்.